'கெட் அவுட்' - சில எண்ணங்கள்

திருப்பதி, சித்தூர் பக்கம் வேலை நிமித்தமாக வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கே சந்தித்தாலும், பேச்சு பத்தே நிமிடத்தில் பிள்ளைகளின் காலேஜில் வந்து நிற்கும். ஃபீஸ், பஸ், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு, யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். "காலேஜ்லேருந்து போன் வந்துச்சு சார். பையனை கிளாஸை விட்டு வெளியே அனுப்பிட்டாங்களாம். அப்பா வந்தாத்தான் உள்ளே விடுவாங்களாம்." இங்கத்திய லெக்சரர்கள் வாயில் இது "மீ நான்னனி தீசுக்கு ரா". தெலுங்கே தெரியாத நம் பிள்ளைகளுக்கும் முதலில் மனப்பாடமாகிற தெலுங்கு வாக்கியம் இதுதான் :-)

இதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். வகுப்பில் ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அறுபது பேர் படிக்கிற இடத்தில் நாலு பேர் கூத்தடித்தால், மீதி ஐம்பத்தாறு பேர் கட்டின ஃபீஸ் வீண். ஆனால் அந்த நாலு பேரை என்ன செய்வது? பல வகுப்புகளில் நடப்பது இதுதான்: பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள்... பிறகு ஒரு நாள் திடீரென்று 'கெட் அவுட்'. நடுவில் ஒன்றுமே கிடையாது. நடுவில் சில படிகள் வேண்டும், அதில் முதல் படி அந்தப் பிள்ளையை 'ஏன்?' என்று கேட்பது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பாங்குக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலிட அனுமதி வாங்கி, சம்பளம் எதுவும் இல்லாமல், இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் (2015 செப்டம்பரிலிருந்து பாங்குகளுக்கு அந்த இரண்டு சனியும் லீவு) இங்கே ஒரு டிகிரி காலேஜில் பி.காம். பிள்ளைகளுக்குப் பாங்கிங் பாடம் எடுக்கிறேன். சாக்பீஸ் பிடித்தவனுக்குத்தான் முதுகுக்குப் பின்னால் வரும் சத்தத்தின் அருமை தெரியும்.

பள்ளிக்கூடமா, காலேஜா?

முதலில் நம் ஊர்க்காரர்களுக்கு ஏற்படும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 1978-ல் ப்ளஸ் டூ வந்ததோடு பி.யு.சி. போய்விட்டது. பதினாறு வயதுப் பிள்ளை அங்கே பள்ளி மாணவன். ஆந்திராவில் பத்தாவது முடித்ததும் இன்டர்மீடியட், பெரும்பாலும் ஜூனியர் காலேஜில். அதே பதினாறு வயது இங்கே 'காலேஜ் ஸ்டூடண்ட்'. பாடம் எடுப்பவரும் டீச்சர் இல்லை, லெக்சரர்.

அந்த லெக்சரருக்கும் குழப்பம்தான். எதிரில் உட்கார்ந்திருப்பவன் பெரியவனா, குழந்தையா? 2009-ம் வருட கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிப்பதையும் மனதை வதைப்பதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் ஆறு முதல் பதினாலு வயது வரைக்கும்தான். அதற்காக பதினாறு வயதுக்காரனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று அர்த்தமில்லை. 2015-ம் வருட சிறார் நீதிச் சட்டத்துக்குப் பதினெட்டு முடியும் வரை குழந்தைதான். தன் பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது அந்தச் சட்டத்தின் 75-வது பிரிவில் குற்றம்.

ஆக, அடிக்க முடியாது. கோபமோ வருகிறது. கையில் மிச்சம் இருப்பது கதவு ஒன்றுதான். "வெளியே போ!"

வெளியே அனுப்பினால் என்ன ஆகிறது?

யோசித்துப் பாருங்கள். போர் அடித்துக் கிடப்பவனுக்கு வெளியே போவது பரிசு. நேராக கேன்டீன், அப்புறம் பைக். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்கு அதே தண்டனை ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுக்கும். ஒரே மருந்து, ஒருவனுக்கு மிட்டாய், இன்னொருவனுக்கு விஷம். போதாததற்கு வெளியே நின்ற பீரியடுக்கு ஆப்சென்ட் வேறு. 75 சதவீத அட்டெண்டன்ஸ் கணக்கில் அது போய் உட்காரும். வருஷக் கடைசியில் காண்டோனேஷன் ஃபீஸ் கட்டப் போவது அப்பா.

வகுப்பை விட்டு வெளியே நிற்க வைக்கப்பட்ட பிள்ளைகளில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் பழைய சித்தூர் மாவட்டத்துக்காரர். ஜே. கிருஷ்ணமூர்த்தி, மதனப்பள்ளியில் 1895-ல் பிறந்தவர். அப்பா ரிட்டயர் ஆகி 1909-ல் குடும்பத்தோடு அடையாறுக்குப் போனார். தெலுங்கு வீட்டுப் பையனை மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பாடம் மண்டையில் ஏறவில்லை என்று அநேகமாக தினமும் அடி. வெளியே வராந்தாவில் நிற்க வைத்துவிட்டு வாத்தியார் மறந்தே போய்விடுவாராம். தம்பி நித்யா வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போகும் வரை பையன் அங்கேயே நிற்பானாம். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய மேரி லட்யன்ஸ் இதையெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

பிற்காலத்தில் அதே மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர் யோசனையில் ரிஷி வேலி பள்ளி வந்தது. பயமுறுத்திப் படிக்க வைக்கக் கூடாது, ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது என்பது அங்கே அடிப்படை. இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: "அது பணக்காரப் பள்ளிக்கூடம் சார், சில நூறு பிள்ளைங்க, எல்லாரும் ஹாஸ்டல். எங்க கிளாஸ்ல எழுபது பேர்." சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ரிஷி வேலியைத் தூக்கிக்கொண்டு வந்து திருப்பதி டிகிரி காலேஜில் வைக்க முடியாது. ஆனால் வராந்தாவில் நிற்க வைத்த பையனை வாத்தியார் மறந்துபோனார் இல்லையா, அதை மட்டுமாவது தவிர்க்கலாம். அதற்குப் பணம் வேண்டாம்.

பின் பெஞ்சில் என்ன பேசுகிறார்கள்?

இது நம் குடும்பங்களுக்கு முக்கியமான விஷயம். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

ஆந்திராவில் 2021-22 முதல் டிகிரி வகுப்புகள் ஆங்கில வழிக்கு மாறின. இன்டர்மீடியட்டில் இரண்டாவது மொழியாக மார்க்குக்காக சம்ஸ்கிருதம் எடுப்பவர்கள் ஏராளம், நம் பிள்ளைகளும் அதில் அடக்கம். 'புத்தகம் இங்கிலீஷ், செகண்ட் லாங்குவேஜ் சம்ஸ்கிருதம், தெலுங்கு தெரியாவிட்டால் என்ன?' என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் புத்தகம்தான் இங்கிலீஷ். விளக்கம் தெலுங்கில்தான் வரும். ஜோக்கும் தெலுங்கு, பரீட்சைக்கு எது முக்கியம் என்ற குறிப்பும் தெலுங்கு. சித்தூரிலும் நகரி பக்கத்திலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. திருநெல்வேலியிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ வந்த பிள்ளைக்கு?

என் வகுப்பிலேயே நடந்தது. செக்கை எண்டார்ஸ் செய்வது பற்றி எனக்குத் தெரிந்த தெலுங்கில் மூச்சைப் பிடித்து விளக்கிக்கொண்டிருக்கிறேன். பின் பெஞ்சில் இரண்டு பேர் விடாமல் முணுமுணு. மூன்று தடவை பார்த்தேன், நிற்கவில்லை. வகுப்பு முடிந்து இருவரையும் தனியாகக் கூப்பிட்டு என்ன விஷயம் என்றேன். ஒருவன் தயங்கித் தயங்கி, "இவனுக்குத் தெலுங்கு சரியா புரியாது சார். நீங்க சொன்னதைத் தமிழ்ல சொல்லிட்டிருந்தேன்" என்று தெலுங்கில் சொன்னான். நான் தமிழன் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் தமிழ்ப் பிள்ளைகள் என்று எனக்கும் தெரியாது! அடுத்த வகுப்பிலிருந்து இரண்டு பேரும் முதல் பெஞ்ச். கடைசி ஐந்து நிமிடம் புரியாததை எந்த மொழியிலும் கேட்கலாம் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். சத்தம் பாதி குறைந்தது.

எல்லாப் பிள்ளையும் இப்படித் தங்கம் என்று நான் சொல்லவில்லை. அதே வகுப்பில் டெஸ்க்குக்குக் கீழே போனை வைத்து கேம் ஆடிய ஒருவனையும் 'ஏன்ப்பா?' என்று கேட்டேன். "போர் அடிக்குது சார்" என்றான் சிரிக்காமல். அதுவும் ஒரு பதில்தான். அவனுக்கு வேறு மருந்து: வகுப்பு முடியும் வரை போன் என் மேஜை மேல். கேட்காமல் இருந்திருந்தால் இந்த மூன்று பேருக்கும் ஒரே 'கெட் அவுட்'தான் கிடைத்திருக்கும்.

பாங்கில் எப்படி?

ஒரு கிளார்க் கஸ்டமரிடம் மரியாதைக் குறைவாகப் பேசினார் என்று புகார் வருகிறது. மேனேஜர் அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா? யூனியன் கொடியோடு வந்துவிடும். விளக்கம் கேட்க வேண்டும். விஷயம் பெரிதென்றால் சார்ஜ் ஷீட், விசாரணை அதிகாரி, அவர் தரப்பில் பேச ஒரு பிரதிநிதி, முடிவுக்கு மேல் அப்பீல். ஊழியர்களுக்கான இந்த நடைமுறை 2002 ஏப்ரல் 10-ம் தேதி ஒப்பந்தத்தில் வரிசையாக எழுதியிருக்கிறது. தண்டனையும் எச்சரிக்கையில் ஆரம்பித்து, இன்க்ரிமென்ட் நிறுத்தம் என்று ஏறி, டிஸ்மிஸ் வரை படிப்படியாகப் போகும். நாற்பது ஐம்பது வயது ஆளுக்கு இத்தனை பாதுகாப்பு. பதினேழு வயதுப் பிள்ளைக்கு முப்பது செகண்ட்!

சுப்ரீம் கோர்ட் இதை 1962-லேயே சொல்லிவிட்டது. உத்தரப்பிரதேசத்தில் இன்டர்மீடியட் பரீட்சையில் காப்பியடித்ததாக மூன்று மாணவர்களின் ரிசல்ட்டை ரத்து செய்தார்கள். அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கு என்று பெயர். மாணவன் தரப்பைக் கேட்காமல் இப்படிச் செய்யக் கூடாது என்று தீர்ப்பு.

அதற்காக ஒவ்வொரு சில்லறை விஷயத்துக்கும் கோர்ட் மாதிரி குறுக்கு விசாரணை வேண்டும் என்பதில்லை. 1973-ல் இன்னொரு தீர்ப்பு, ராஞ்சி மெடிக்கல் காலேஜ் விஷயம். ராத்திரியில் பெண்கள் ஹாஸ்டலுக்குள் புகுந்து அசிங்கமாக நடந்துகொண்ட மாணவர்களை காலேஜ் வெளியேற்றியது. சாட்சி சொன்ன பெண்களை எங்கள் எதிரில் நிறுத்தவில்லையே என்று அவர்கள் வாதாடினார்கள். குற்றச்சாட்டைச் சொல்லி உங்கள் பதிலைக் கேட்டாயிற்று, அந்தப் பெண்களின் பாதுகாப்பும் முக்கியம், காலேஜ் செய்தது சரி என்றது கோர்ட். கேட்க வேண்டும், ஆனால் இடத்துக்குத் தகுந்தபடி கேட்டால் போதும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் பாடம் இது.

லெக்சரர் பாடும் திண்டாட்டம்தான்

இதுவரை படித்துவிட்டு லெக்சரர்களைத் திட்டாதீர்கள். தற்காலிக வேலை, சொற்ப சம்பளம், ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு என்று ஓடுகிறவர்கள் நிறையப் பேர். பயமும் உண்டு. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒரு ஆசிரியை வகுப்பறையிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவனால் கொல்லப்பட்டார். 2014 அக்டோபரில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பிரின்சிபாலை அவருடைய மாணவர்களே காலேஜ் வளாகத்தில் வெட்டிக் கொன்றார்கள். இப்படி நடப்பது அபூர்வம். ஆனால் இந்தச் செய்திகளைப் படித்த எந்த லெக்சரர் மனதிலும் ஓரமாக ஒரு பயம் இருக்கும். இன்னொரு பக்கம், கண்டித்த பிள்ளை ஏதாவது செய்துகொண்டால் போலீஸ் கேஸ் என்ற பயம். இதில் 2021-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகவே பேசியது. ஜெய்ப்பூர் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீதான தற்கொலைத் தூண்டுதல் வழக்கை ரத்து செய்து, ஒழுங்கீனத்தைக் கண்டிப்பதே குற்றமாகிவிடாது என்றது. அதே கோர்ட் 2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் படிக்கப் போன பதினேழு வயது மாணவியின் மரண வழக்கில், பிள்ளைகளைப் பலர் முன்னால் அவமானப்படுத்தாதீர்கள் என்று கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டியது. கண்டிக்கலாம், அவமானப்படுத்தக் கூடாது. கோடு அங்கேதான் இருக்கிறது.

படிகள் இருந்தால் லெக்சரருக்கும் பாதுகாப்பு. என் கணக்கில் அவை இவை:

1. முதல் நாளே மூன்று விதி சொல்லிவிட வேண்டும். முப்பது வேண்டாம், ஒருவருக்கும் நினைவிருக்காது. போன் உள்ளே; ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக் கூடாது; லேட்டாக வந்தால் சத்தமில்லாமல் பின்னால் உட்கார வேண்டும்.

2. பேச்சு கேட்டால் பாடத்தை நிறுத்தாமல் அந்த பெஞ்ச் பக்கம் நடந்து போய் நின்று பாடம் எடுப்பது. செலவில்லாத வைத்தியம்.

3. நிற்கவில்லையா, வகுப்பு முடிந்து தனியாகக் கூப்பிட்டு 'ஏன்?'. அறுபது பேர் முன்னால் கேட்டால் பதினேழு வயதுக்காரன் பதில் சொல்ல மாட்டான், வசனம்தான் பேசுவான். அவன் மானப் பிரச்சினை.

4. திரும்ப நடந்தால், நடந்ததை அவன் கையாலேயே எழுதி வாங்குவது. தமிழோ தெலுங்கோ, தேதியோடு. லெக்சரர் சொல்லச் சொல்ல எழுதும் 'மன்னிப்புக் கடிதம்' இல்லை. அவன் தரப்பு விளக்கம்.

5. அதற்கும் சரிப்படாவிட்டால் எச்.ஓ.டி. அப்புறம்தான் பெற்றோர், அந்தக் காகிதங்களோடு.

6. சஸ்பென்ஷன் மாதிரி பெரிய தண்டனை என்றால் பிரின்சிபால் கையெழுத்தில், காரணம், எத்தனை நாள், யாரிடம் அப்பீல் எல்லாம் எழுத்தில்.

இந்தப் படிகள் பொருந்தாத இடம்

ராகிங், பெண்களிடம் அத்துமீறல், அடிதடி. இதிலெல்லாம் 'தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம்' என்று காலேஜ் இழுத்தால் அது மூடி மறைப்பது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலையில் மெடிக்கல் மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டதை நம் தலைமுறை மறந்திருக்காது. கடலூர் கோர்ட் 1998-ல் தண்டித்து, 2001-ல் ஹைகோர்ட் விடுவித்து, 2011-ல்தான் சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அந்தச் சம்பவத்தை அடுத்து தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதே 1997-ல் ஆந்திராவும் தனிச் சட்டம் போட்டது. யு.ஜி.சி.யின் 2009 விதிகளில் தண்டனை சஸ்பென்ஷனிலிருந்து நிரந்தர நீக்கம் வரை போகிறது. நம் பிள்ளை அடிபட்டால் இந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறோம். நம் பிள்ளை அடித்தாலும் அதே சட்டம்தான். 'வயசுப் பசங்க சார், விளையாட்டா...' என்று ஆரம்பிக்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

போன் வந்ததும் பெரும்பாலான அப்பாக்கள் இரண்டில் ஒன்று செய்கிறோம். ஒன்று, வெளியூர்க்காரன், மொழி தெரியாது, எதற்கு வம்பு என்று லெக்சரர் ரூமுக்குள் நுழைந்ததும் அவர் எதிரிலேயே பையன் கன்னத்தில் ஒன்று வைப்பது. அல்லது தெரிந்த லோக்கல் பிரமுகரைப் பிடித்து சிபாரிசு. முதலாவதில் பையனுக்குத் தன் பக்கம் யாருமே இல்லை என்று ஆகிறது. இரண்டாவதில் அடுத்த தடவையும் தப்பிக்கலாம் என்று புரிகிறது. இரண்டிலுமே என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள், குறுக்கே பேசாமல். அம்மாவிடம் வேறு கதை சொல்லியிருப்பான், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் நேரில் போங்கள். "என்ன நடந்தது சார்? இவன் என்ன சொன்னான்?" என்று கேளுங்கள். தெலுங்கு தடுமாறினால் இங்கிலீஷில் பேசுங்கள், தமிழிலும் பேசிப் பாருங்கள். இந்த ஊரில் தமிழ் புரியாத லெக்சரர் குறைவுதான். தப்பு நம் பிள்ளை மேல் என்றால் அவனையே மன்னிப்புக் கேட்க விடுங்கள். நாம் முந்திக்கொண்டு கேட்டால் தப்பு நம்முடையதாகிவிடும்.

"நீங்களே டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்று யாராவது சொன்னால் அன்றே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வருஷ நடுவில் வெளியே வந்தால் பரீட்சை போகும், எஜுகேஷன் லோன் இருந்தால் அடுத்த தவணையும் நிற்கும். டிகிரி காலேஜ்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வருகிற ஜூனில் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள், ஃபீஸ் கட்டின கையோடு வகுப்பு லெக்சரரைப் பார்த்து, "இவனுக்குத் தெலுங்கு இன்னும் சரியா வராது சார், கொஞ்சம் முன்னாடி உட்கார வைங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். சொல்லி வைத்த பிள்ளை பின் பெஞ்சில் முணுமுணுத்தால், லெக்சரருக்குக் கோபம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வரும். கேள்வியும் வரும்.